கொதிகலன் ஆலையும் கருப்பையும்

வெள்ளவத்தையில் மாலை ஐந்து மணிக்குப் பின் காலி வீதியால் நடந்து செல்பவர்கள், புடைவைக் கடைகளின் விளக்கொளிக்கிடையே தனியார் மருத்துவ நிலையங்களின் பெயர்ப்பலகைகளையும் காண்பர். அவற்றுட் பலவற்றிலே ஸ்கேன் என்னும் சொல் இடம்பெற்றிருக்கும். உள்ளே, கதிரை வரிசையிலே, மடியில் தண்ணீர்ப் போத்தலும் கையில் கிளினிக் கொப்பியுமாக, முழுகாமலிருக்கும் பெண்கள் தம் முறைக்குக் காத்திருப்பர். சில காலத்துக்கு முன்னர், என் ஒன்றுவிட்ட சகோதரியின் மகளுக்குத் துணையாக அத்தகைய ஓரிடத்தில் இரண்டு மணி நேரம் இருக்க நேர்ந்தது. கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தோம். உள்ளே சென்றவள் கறுப்பு வெள்ளைப் படமொன்றுடன் வெளியே வந்தாள்.

"இது என்னத்துக்குப் பிள்ளை எடுத்தவை?" என்று கேட்டேன்.

"பிள்ளையைப் பார்க்கத்தான், மாமா."

அது அவளுக்கு மூன்றாவது ஸ்கேன். மூன்றும் ஒரே பரிசோதனையே என அவள் எண்ணியிருந்தாள். அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது, வாய்மொழியாகச் சொல்லப்பட்டது சிங்களத்தில், கேட்டவளோ தமிழ்ப்பெண். அவளுடைய கணவன் துறைமுகத்தில் நாட்கூலிக்குப் போகிறவன். அன்று கட்டிய பணம் அவனது பல நாட் கூலி. முப்பது ஆண்டுகள் விஞ்ஞானம் படிப்பித்த எனக்கும் அம்மூன்று பரிசோதனைகளின் வேறுபாட்டை அவளுக்கு ஒழுங்காக எடுத்துச்சொல்ல அன்று இயலவில்லை. அந்த வெட்கமே இக்கட்டுரைக்குக் காரணம்.

கருப்பையினுள் நோக்கும் இக்கருவி மருத்துவக் கல்லூரியிற் பிறந்ததன்று. போரும், கப்பலும், கொதிகலன் ஆலையும் அதனைப் பெற்றெடுத்தன. ஆயினும் அவ்வரலாற்றுக்குப் போகுமுன், இக்கருவி வருவதற்கு முன்னர் நம் நாட்டுத் தாய்மார் எவ்வாறு பிழைத்தனர், எவ்வாறு மாண்டனர் என்பதைப் பார்த்தல் வேண்டும். ஏனெனில் இயந்திரமே தாயைக் காத்தது என்ற மயக்கம் படித்தவர்களிடையேயும் உண்டு.

நம் பாட்டிமார் காலத்தில் கருப்பையை அறிந்தவை மருத்துவிச்சியின் கைகளே. வயிற்றைத் தடவித் தலை எப்பக்கம், முதுகு எப்பக்கம் எனச் சொல்லக்கூடிய அனுபவம் பலருக்கு இருந்தது. ஆனால் குருதி பெருகினாலோ, வலிப்புக் கண்டாலோ, பிள்ளை குறுக்கே கிடந்தாலோ அந்தக் கைகள் செயலற்றுப் போயின. மானிப்பாயில் மருத்துவப் பணி செய்த அமெரிக்க மிஷனரி டொக்டர் சாமுவேல் கிறீன் மோன்செல் என்பாரின் மகப்பேற்று நூலை 1857இலேயே தமிழிற் கொண்டுவந்தார். மருத்துவத்தைத் தமிழிற் படிப்பிக்க முடியுமா என இன்றும் ஐயுறுவோர் இவ்வாண்டை நினைவிற் கொள்வது நன்று. கொழும்பிலே டி சொய்சா மகப்பேற்று இல்லம் 1879இல் திறக்கப்பட்டது. ஒரு தனவந்தரின் கொடையால் எழுந்த அவ்வில்லம் நாளடைவில் நாட்டின் முதன்மையான அரசாங்கப் பிள்ளைப்பேற்று மனைகளுள் ஒன்றாயிற்று.

ஓர் ஆஸ்பத்திரி எழுந்ததனால் மாத்திரம் நிலைமை மாறிவிடவில்லை. 1930களின் தொடக்கத்தில் இந்நாட்டில் ஒரு இலட்சம் உயிர்ப்பிறப்புக்களுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தனர். அதாவது ஐம்பது பிரசவங்களுக்கு ஒரு தாய்க்குக் குறையாமல் உயிர்விட்டாள். 1934-35 மலேரியாக் கொள்ளைநோய் குருதி குன்றிய கர்ப்பிணிகளை வாரிச் சென்றது. அண்மை ஆண்டுகளில் அதே எண்ணிக்கை முப்பதையொட்டி நிற்கின்றது. இவ்வீழ்ச்சியின் பெரும்பகுதி ஸ்கேன் இயந்திரம் இந்நாட்டுக் கர்ப்பிணிகளுக்கு எட்டுவதற்கு முன்னரே நிகழ்ந்துவிட்டது என்பதை ஆசிரிய நண்பர்கள் ஊன்றிக் கவனித்தல் வேண்டும்.

எதனால் நிகழ்ந்தது? 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி தொடங்கப்பட்டது. பயிற்றப்பட்ட மருத்துவமாதர் ஊரூராகவும் தெருத்தெருவாகவும் சென்றனர். 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. வாக்குக் கேட்க வந்தவன் ஆஸ்பத்திரியைப் பற்றியும் பேசவேண்டியதாயிற்று. 1939இல் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் நிறைவேறிற்று. போருக்குப் பின் டிடிடி தெளிக்கப்பட்டு மலேரியா ஒடுங்கிற்று. 1951இல் அரசாங்க வைத்தியசாலைகளிற் கட்டணம் ஒழிக்கப்பட்டது. இவை யாவும் மேலிருந்து இரக்கத்தாற் சொரிந்தவை அல்ல. இன்று மாடிக் குடியிருப்புகள் நிற்கும் ஹவ்லொக் வீதியோரத்திலே முன்னர் வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலை இருந்தது. 1933இல் அவ்வாலைத் தொழிலாளர் செய்த வேலைநிறுத்தம் இலங்கையின் இடதுசாரி இயக்கத்துக்கு முதற் பயிற்சிக்களம் எனலாம். சூரியமல் இயக்கத்தினர் மலேரியாக் காலத்தில் மருந்தும் உணவும் சுமந்து கிராமங்களுக்குச் சென்றனர். பெண்கள் பக்கத்திலே டொக்டர் மேரி இரத்தினத்தின் பெயரை மறத்தல் ஆகாது. கனடாவிற் பிறந்து, தமிழர் ஒருவரை மணந்து, கொழும்பிலே பெண்களுக்கு வைத்தியம் பார்த்து, வாக்குரிமைக்கும் மாதர் சங்கங்களுக்கும் உழைத்து, 1937இல் கொழும்பு மாநகர சபையின் முதற் பெண் உறுப்பினரானவர் அவர்.

இவ்வளவும் செய்தபின்னரும் ஒன்று எஞ்சியிருந்தது. கருப்பை இன்னமும் இருட்டறையாகவே இருந்தது. கையாலே தடவலாம், ஊதுகுழல் போன்ற மரக்குழாயை வயிற்றில் வைத்துக் காதாலே கேட்கலாம், கண்ணாற் காண வழியில்லை. எக்ஸ் கதிர் வந்தபோது மருத்துவ உலகம் அதனைக் கர்ப்பிணிகள் மீதும் தாராளமாகப் பாய்ச்சிற்று. 1956இல் ஒக்ஸ்போட்டில் டொக்டர் அலிஸ் ஸ்டுவர்ட் என்னும் பெண்மணி, புற்றுநோயால் இறந்த குழந்தைகளின் தாய்மாரைத் தேடி வினாவி, கர்ப்ப காலத்தில் எக்ஸ் கதிர் பட்ட குழந்தைகளுக்கே அந்நோய் மிகுதியாக வருவதைக் காட்டினார். அவருடைய ஆய்வு எளிதில் ஏற்கப்படவில்லை. அணுசக்தியின் புகழ் பாடப்பட்ட காலம் அது. கதிர்வீச்சைக் குறைசொல்லும் பெண்ணுக்கு வரவேற்பு எங்ஙனம் கிட்டும்? பல ஆண்டுகள் கழிந்தே அவர் கண்டது உலகெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்டது. கதிரின்றிக் கருவைக் காணும் வழி அவசரத் தேவையாயிற்று.

அவ்வழி கடலடியிலே காத்திருந்தது. மனிதச் செவி வினாடிக்கு ஏறத்தாழ இருபதினாயிரம் அதிர்வு வரையே கேட்கும். அதற்கு மேற்பட்டதை நம் பாடநூல்கள் கழியொலி என்கின்றன. தமிழகத்தார் மீயொலி என்பர். சில பளிங்குகளை அமுக்கினால் மின்னழுத்தம் தோன்றும் என 1880இல் பிரெஞ்சுச் சகோதரர்களான ஜாக், பியர் கியூரி கண்டனர். மின்னழுத்தத்தை ஏற்றினாற் பளிங்கு அதிரும் என்பதும் பின்னர் தெளிவாயிற்று. முதலாம் உலகப் போரிலே ஜெர்மன் நீர்மூழ்கிகள் கப்பல்களை மூழ்கடித்தபோது, பியர் கியூரியின் மாணவராயிருந்த போல் லாஞ்செவன், அதிரும் குவாட்ஸ் பளிங்கினின்றும் கழியொலியை நீரிற் செலுத்தி, அது நீர்மூழ்கியிற் பட்டுத் திரும்பும் எதிரொலியைப் பிடிக்கும் கருவியைச் செய்தார். இதே லாஞ்செவன் 1940இல் நாசிகளாற் சிறையிடப்பட்டார். அவருடைய மருமகனான இளம் பௌதிக விஞ்ஞானி ஜாக் சொலமன் 1942இல் சுட்டுக் கொல்லப்பட்டார். 1944இல் லாஞ்செவன் பிரெஞ்சுக் கம்யூனிஸ்ட் கட்சியிற் சேர்ந்தார். தம் பளிங்கு ஒருநாள் தாயின் வயிற்றின்மேல் வைக்கப்படும் என்பதை அறியாமலே 1946இல் மறைந்தார்.

நீரிலிருந்து இரும்புக்கு இவ்வொலியைக் கொண்டுவந்தவர்களுள் லெனின்கிராட் பொறியியலாளர் சொக்கலோவ் முதல்வர். வார்ப்பு இரும்பினுள்ளே மறைந்திருக்கும் வெடிப்பை ஒலியாற் கண்டறியலாம் என 1928இலேயே அவர் எடுத்துரைத்தார். இரண்டாம் போருக்குப் பின் கப்பற்பட்டறைகளிலும் கொதிகலன் ஆலைகளிலும் இத்தகைய பழுதுகாணும் கருவிகள் வழக்கத்துக்கு வந்தன. கொட்டாஞ்சேனை மேட்டிலிருந்து பார்த்தால் தெரியும் துறைமுகத்திலும், உலர்துறையில் ஏற்றப்பட்ட கப்பலின் ஒட்டுக்களை இன்றும் அதே ஒலியைக் கொண்டே சோதிக்கின்றனர். என் மருமகள் அன்று வெள்ளவத்தையிற் படுத்துக் காட்டியதும், அவள் கணவன் வேலை செய்யும் துறைமுகத்திலே கப்பலின் வயிற்றுக்கு நடப்பதும் அடிப்படையில் ஒன்றே.

இவ்விரண்டும் சந்தித்த நகரம் ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ. கப்பல் கட்டும் தொழிலாளர் நிறைந்த, வறுமையும் புகையும் மண்டிய நகரம் அது. 1954இல் அங்கே மகப்பேற்றுப் பேராசிரியராக வந்த இயன் டொனால்ட் போர்க்காலத்திலே விமானப் படையிற் பணிபுரிந்தவர். ராடர் முதலிய கருவிகளோடு பழகியவர். அவர் சிகிச்சை செய்த பெண்ணொருவரின் கணவர், கொதிகலன்கள் செய்யும் பப்கொக் அன்ட் வில்கொக்ஸ் கொம்பனியின் இயக்குநர்களுள் ஒருவர். அத்தொடர்பால், 1955 ஜூலை 21ஆந் திகதி, அறுவையில் அகற்றிய கருப்பைக் கட்டிகளையும் சூலகக் கட்டிகளையும் இரண்டு கார்களில் ஏற்றிக்கொண்டு ரென்பிறூ ஆலைக்குச் சென்றார் டொனால்ட். ஒப்புநோக்குவதற்காக ஆலைக்காரர் பெரிய மாட்டிறைச்சித் துண்டொன்றையும் வைத்திருந்தனர். கொதிகலனின் இரும்பைச் சோதிக்கும் கருவியை இத்தசைகளின்மீது வைத்துப் பார்த்தபோது, நீர் நிறைந்த கட்டி ஒருவகையாகவும் தசைக்கட்டி வேறுவகையாகவும் எதிரொலித்தன. நவீன மகப்பேற்று மருத்துவத்தின் ஒரு பெரும் கிளை அன்று ஓர் ஆலையின் தளத்திலே முளைத்தது.

டொனால்டின் பெயர் நூல்களெங்கும் உண்டு. ரொம் பிறவுணின் பெயர் பலருக்குத் தெரியாது. கெல்வின் அன்ட் ஹியூஸ் கொம்பனியின் இளம் பொறியியலாளரான அவர், அறுவைக்கூட விளக்குப் பொருத்தும் வேலையையொட்டிக் காதில் விழுந்த செய்தியைக் கொண்டு, பேராசிரியர் ஒருவர் பழுதுகாணும் கருவியை நோயாளர் மீது பயன்படுத்துகிறார் என அறிந்து, தாமே தொலைபேசியில் அழைத்து அவரைச் சந்தித்தார். வெறும் கோடுகளாகத் துள்ளிய எதிரொலியை உருவமாக வரையும் இயந்திரத்தை ஆக்கியது அவருடைய மூளையும் கையும். மருத்துவர் ஜோன் மக்விக்கரும் சேர, மூவர் பெயரிலும் 1958 ஜூன் 7ஆந் திகதி லான்செற் சஞ்சிகையிற் கட்டுரை வெளிவந்தது. அதற்கு முன்னரே ஒரு பெண்ணின் உயிர் இதனாற் காக்கப்பட்டிருந்தது. தீர்க்கவியலாத வயிற்றுப் புற்றுநோய் எனக் கைவிடப்பட்ட அவருக்கு ஒலிப்படம் காட்டியது பெரியதொரு சூலகக் கட்டியை, அது அகற்றப்பட்டது, அவர் எழுந்து வீடு சென்றார். மருத்துவர்கள் சிரிப்பதை நிறுத்தியது அதன்பின்னர்தான்.

இனி அம்மூன்று ஸ்கேன்களின் கதைக்கு வருவோம்.

வயிற்றில் வைக்கும் கருவி வினாடிக்குப் பத்துலட்சக் கணக்கான அதிர்வுடைய ஒலியைச் சிறு துடிப்புக்களாக உள்ளே அனுப்புகின்றது. மென்மையான உடற்றசையில் அது வினாடிக்கு 1540 மீற்றர் வேகத்திற் செல்கின்றது. திரும்பிவர எடுத்த நேரத்தைக் கொண்டு ஆழமும், திரும்பிய வலுவைக் கொண்டு வெண்மை கருமையும் கணிக்கப்பட்டுப் படமாகின்றன. காற்றினூடே இவ்வொலி செல்லாது. அதனாலேயே தோலுக்கும் கருவிக்கும் இடையே கூழ் பூசுகின்றனர். 1963இல் டொனால்ட் குழுவினர் சலப்பை நிறைந்திருந்தால் ஆரம்பக் கருவையும் காணலாம் என அறிந்தனர். சலத்தை அடக்கிக்கொண்டு கதிரையில் நெளியும் நம் பெண்களின் அவஸ்தைக்கு மூலம் அந்தக் கண்டுபிடிப்பே! வெளியிலிருந்து பார்ப்பதற்குப் பதிலாக யோனிவழியாக மெல்லிய கருவியை வைத்துப் பார்க்கும் முறை 1980களிற் பரவியது. அதற்கு நிறைந்த சலப்பை தேவையில்லை. ஆறு ஏழு வாரக் கருவையும் அது தெளிவாகக் காட்டும். அது என்ன முறை என்பதை முன்கூட்டியே சொல்லாமற் செய்தால் ஒரு பெண் எத்துணை அதிர்ச்சி அடைவாள் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. ஆயினும் பல இடங்களிற் சொல்லப்படுவதில்லை.

ஆறாம் எட்டாம் வாரங்களையொட்டிச் செய்யப்படும் அந்த முதற் பரிசோதனை மிக எளிய வினாக்களுக்கு விடை தேடுகின்றது. கரு கருப்பையினுள்ளேதான் தங்கியிருக்கிறதா? இருதயம் துடிக்கிறதா? ஒன்றா, இரட்டையா? முதல் வினாவே உயிர் வினா. பலோப்பியன் குழாயிலே கரு தங்கினால் அது வளர்ந்து குழாயை வெடிக்கச்செய்து தாயை உட்குருதிப்பெருக்காற் கொல்லும். அடிவயிற்று வலியும் சிறிது இரத்தமும் கண்ட பெண்ணை, பேய்க்குற்றமோ நாட்கோளாறோ என்று வீட்டில் வைத்திருந்து பறிகொடுத்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு.

அடுத்தது பதினொராம் வாரத்துக்கும் பதினான்காம் வாரத்துக்கும் இடையிலானது. நம் மக்கள் இதனை அதிகம் மதிப்பதில்லை. என் கருத்தில், ஏழைப்பெண்ணுக்கு மிகப் பயன்படுவது இதுவே. கடைசியாக முழுகிய நாளை எல்லோரும் குறித்து வைப்பதில்லை. பாலூட்டும் காலத்திலே மீண்டும் கருத்தரித்தவளுக்கும், மாதவிலக்கு ஒழுங்கற்றவளுக்கும் குறித்து வைக்க நாளே இராது. 1973இல் கிளாஸ்கோவில் ஹியூ றொபின்சன், கருவின் உச்சியிலிருந்து பிட்டம் வரையான நீளத்தை அளந்தால் அதன் வயதை ஏறக்குறைய ஐந்தாறு நாட் பிசகுக்குள் கூறலாம் எனக் காட்டினார். இக்காலத்திலே எல்லாக் கருக்களும் பெரும்பாலும் ஒரே வேகத்தில் வளர்கின்றன. பணக்காரியின் கருவென்றும் கூலிக்காரியின் கருவென்றும் பேதம் இன்னும் தோன்றியிராது. எட்டாம் மாதத்தில் அளந்தாலோ பிசகு இரண்டு மூன்று வாரமாகிவிடும். வயிற்றுப்பிள்ளை சிறிதாயிருப்பது வயது குறைந்ததனாலா, போஷாக்குக் குறைந்ததனாலா என்று அப்போது எவராலும் சொல்லவியலாது. தவணை தப்பியதா, இன்னும் நாளிருக்கிறதா, வலியை வரவழைக்கலாமா என்ற பின்னாளைய முடிவுகள் யாவும் இந்த ஒரு நீளத்திலே தங்கியுள்ளன.

அதே வேளையில் கருவின் பிடரியிலே தோலுக்குக் கீழுள்ள நீர்ப்படையின் தடிப்பையும் அளப்பதுண்டு. சைப்பிரசிற் பிறந்து லண்டனிற் பணிபுரியும் நிக்கொலைடிஸ், 1992இல் இத்தடிப்பு மிகுந்தால் டவுன் நிலை முதலியவற்றுக்கான வாய்ப்பு மிகும் எனக் காட்டினார். இது நோயைத் தீர்மானிக்கும் சோதனையன்று. ஐயத்தை எழுப்பும் சோதனை மாத்திரமே. இவ்வேறுபாடு விளக்கப்படாததால் அழுதுகொண்டு வெளியேறிய தாய்மார் பலர்.

பதினெட்டாம் வாரம் முதல் இருபத்திரண்டாம் வாரம் வரை செய்வது உறுப்புப் பரிசோதனை. மண்டையோடு, மூளை, முதுகெலும்பு, இருதயத்தின் நான்கு அறைகள், வயிற்றுச் சுவர், சிறுநீரகம், கைகால் என ஒவ்வொன்றாகப் பார்க்கவேண்டும். 1972இல் ஸ்டுவர்ட் கம்பெல் லண்டனில் மண்டையோடு வளராத சிசு ஒன்றை இம்முறையாற் கண்டது இதன் தொடக்கம். ஓய்வின்றி ஐந்து நிமிடத்துக்கு ஒருவராகப் பார்க்கும் இடத்தில் இப்பரிசோதனை நடக்காது. நடந்ததாக எழுதப்படும், அவ்வளவே. சூல்வித்தகம் எங்கே ஒட்டியிருக்கிறது என்பதும் இப்போதே தெரியும். அது கருப்பைக் கழுத்தை மூடிக் கிடந்தால், இயல்பான பிரசவத்தில் தாய் குருதி வெள்ளத்தில் மடிவாள். முற்காலத்தில் வலி தொடங்கி இரத்தம் பாய்ந்த பின்னரே இதனை அறிந்தனர். இப்போது நாள் குறித்து அறுவைக்கு ஆயத்தம் செய்யலாம். ஸ்கேன் காத்த உயிர்களை எண்ணுவோமாயின் இவ்வினத்திலேயே முதலில் எண்ணவேண்டும். ஆனால் அங்கும் அறுவைக்கூடமும், இரத்த வங்கியும், நள்ளிரவில் வரும் மருத்துவரும் இருந்தாற்றான் அறிவு உயிராக மாறும்.

கடைசி மாதங்களில் வளர்ச்சிப் பரிசோதனை. தலையின் அகலம், வயிற்றின் சுற்றளவு, தொடையெலும்பின் நீளம், பனிக்குடநீரின் அளவு ஆகியவற்றை அளந்து முன்னைய அளவுகளுடன் ஒப்பிடுவர். இதனோடு சேர்ந்தது டொப்ளர். நெருங்கிவரும் பொருளின் ஒலி உயர்ந்தும் விலகிச்செல்லும் பொருளின் ஒலி தாழ்ந்தும் கேட்கும் என்பதற்கு அடிப்படையான விதியை 1842இல் பிராக் நகரில் கிறிஸ்தியான் டொப்ளர் வெளியிட்டார். புகையிரதக் கடவையில் நின்ற எவரும் அதனைக் கேட்டிருப்பர். ஓடும் குருதியினின்றும் திரும்பும் எதிரொலிக்கும் இவ்விதி பொருந்தும். 1977இல் டப்ளின் நகர ஆய்வாளர் தொப்புட்கொடிக் குருதியோட்டத்தை இவ்வாறு பதிவு செய்தனர். சூல்வித்தகம் பழுதுற்றால் இருதயத் துடிப்புக்களுக்கு இடையே ஓட்டம் நின்றுபோகும். மேலும் கெட்டால் பின்னோக்கிப் பாயும். அப்போது சிசு பட்டினி கிடக்கிறது என்பது பொருள். எல்லாக் கர்ப்பிணிக்கும் இது வேண்டுவதில்லை; குருதி அழுத்தம் மிகுந்தவர்க்கும் வளர்ச்சி குன்றிய சிசுவைச் சுமப்பவர்க்குமே பெரும்பயன்.

முகத்தைப் பதுமைபோற் காட்டும் முப்பரிமாணப் படத்தைப் பற்றி விரித்துரைக்க விரும்பவில்லை. உதட்டுப் பிளவு போன்றவற்றில் அதற்குப் பயனுண்டு. கடைத்தெருவில் அது பெரும்பாலும் புகைப்பட வியாபாரம்.

உலகச் சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட பரிந்துரை, இருபத்து நான்கு வாரத்துக்கு முன் ஒரு ஸ்கேன் என்பதே. ஒன்று! மாதமொரு படம் என்பது விஞ்ஞானம் கேட்டதன்று. 1993இல் அமெரிக்காவில் பதினையாயிரம் பெண்கள் வரையில் வைத்து நடந்த பெரும் ஆய்வு, ஆபத்தற்ற கர்ப்பங்களில் எல்லோரையும் வழக்கமாக ஸ்கேன் செய்வது சிசுக்களின் நலனை உயர்த்தவில்லை எனக் கண்டது. அதனினும் நமக்குப் பாடமாவது 2018இல் முடிவு வெளியான மற்றோர் ஆய்வு. கொங்கோ, கென்யா, சம்பியா, பாகிஸ்தான், குவாத்தமாலா ஆகிய ஐந்து நாடுகளின் கிராமங்களுக்கு ஸ்கேன் கருவிகளும் பயிற்சியும் கொடுக்கப்பட்டன. தாய்சேய் மரணம் குறையவில்லை; ஆஸ்பத்திரிப் பிரசவமும் கூடவில்லை. களுத்துறையின் மருத்துவமாது 1926 தொடங்கிச் சைக்கிளிலும் கால்நடையாகவும் செய்த வேலை முன்னே நடந்திராத இடத்தில் இயந்திரத்தால் தனியே ஒன்றும் ஆகவில்லை.

கடலுக்கு அப்பால் இதே கருவி கொலைக்கருவியும் ஆயிற்று. 1970களில் இந்தியாவில் பனிக்குடநீர்ச் சோதனையாற் பாலறிந்து பெண்கருவைக் கலைக்கும் வழக்கம் தொடங்கிற்று. 1980களில் ஸ்கேன் வந்ததும் அது எளிதும் மலிவும் ஆயிற்று. சீதனச் செலவையும் ஸ்கேன் செலவையும் ஒப்பிட்டு விளம்பரம் செய்யும் துணிவும் வந்தது. 1994இல் பாலறிதலைத் தடைசெய்யும் சட்டம் இயற்றப்பட்டது. எனினும் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண்பிள்ளைகளுக்கு 1991இல் 945ஆக இருந்த பெண்பிள்ளைகளின் தொகை 2001இல் 927ஆக வீழ்ந்தது. தமிழகத்தின் சேலம் மாவட்டத்தில் அவ்வாண்டு 851. நம் மொழி பேசும் மாவட்டம் அது.

இலங்கையிலும் சீதனம் உண்டு, மாமியார் "ஆணோ, பெண்ணோ?" என்று கேட்பதும் உண்டு. ஆயினும் பிறப்பு விகிதத்தில் அத்தகைய சிதைவு இங்கே தோன்றவில்லை. தேசவழமைப்படி சீதனம் பெண்ணின் சொத்தாகவே கருதப்பட்டதும், 1945இன் இலவசக் கல்வியாற் பெண்கள் பள்ளிக்கூடத்தை நிறைத்ததும், உழைத்து வீட்டைத் தாங்கும் மகள்மாரின் தொகை பெருகியதும் காரணங்களாகலாம். ஆராய்ச்சி மாணவர் எவராவது இதனை விரிவாக எழுதுவாராயின் நன்று.

நம் நாட்டின் சிக்கல் மறுபுறத்திலே உள்ளது. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை, தாயின் உயிரைக் காப்பதற்கன்றி வேறெதற்காகவும் கருவைக் கலைத்தலைக் குற்றமாக்கிற்று. விக்டோரியா மகாராணியின் ஆட்சியிலே, கருவை எவரும் கண்ணாற் கண்டிராத காலத்தில் எழுதப்பட்ட சட்டம் அது. அதை எழுதிய பிரித்தானியா 1967இல் தன் சட்டத்தை மாற்றிக்கொண்டது. சுதந்திர இலங்கை மாற்றவில்லை. இருபதாம் வாரத்தில் மண்டையோடற்ற, பிறந்தவுடன் இறக்கப்போகும் சிசுவை ஸ்கேன் காட்டுகின்றது. காட்டியபின் மருத்துவர் என் செய்வார்? பாரதூரமான உறுப்புக்குறை உள்ள கருக்கள், பாலியல் வல்லுறவால் உண்டான கருக்கள் ஆகியவற்றுக்கு விலக்களிக்க 2017இல் ஒரு முயற்சி எழுந்தது. சமயத் தலைவர்களின் எதிர்ப்பால் அது சட்டமாகாமல் நின்றது.

எதிர்ப்பவர்களை ஏளனம் செய்வதற்கில்லை. இயன் டொனால்டும் அவர்கள் பக்கத்தவரே. ஆழ்ந்த கிறிஸ்தவரான அவர் பிரித்தானியாவின் 1967ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கடுமையாக எதிர்த்தார். கருவின் அசையும் படத்தையே தம் வாதத்துக்குச் சான்றாகக் காட்டினார். கொச்சிக்கடை அந்தோனியாரிடம் நேர்ந்துகொண்டு பிள்ளை பெற்ற பெண்கள் வாழும் கொட்டாஞ்சேனையில் இதை அறியாதவன் போல எழுத என்னால் இயலாது. நேர்ந்துகொள்பவர்களில் சைவப் பெண்களும் உண்டு. ஆனால் கேள்வி படத்திலிருக்கும் சிசுவைப் பற்றியது மாத்திரமன்று. படுக்கையிலிருக்கும் பெண்ணையும் பற்றியது. வசதியுள்ளவள் அறிக்கையை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு விமானம் ஏறுகிறாள். வசதியற்றவளுள் ஒருத்தி இருட்டு அறைகளைத் தேடிப்போய்க் குருதி நஞ்சாகி அவசர வார்டில் வந்து விழுகிறாள், மற்றவள் சுமக்கிறாள்.

அத்தகைய ஒருத்தியை நான் அறிவேன். பெயரும் தெருவும் சொல்லமாட்டேன். ஐந்தாம் மாதத்தில் அவளிடம் சொல்லப்பட்டது. அதன்பின் பதினெட்டு வாரம் சுமந்தாள். வழியிற் காண்போரெல்லாம் "எப்ப தவணை?" என்று கேட்பார்கள்; அவள் திகதியைச் சொல்வாள். அத்திகதி பன்னிரண்டாம் வாரத்து ஸ்கேன் கணித்தது; இரண்டு நாளே பிசகிற்று.